ஒரு வாக்குக்கு 2,900 ரூபா

வவுனியாவில் ஒரு செய்திப் பக்கம் நடத்துகிறேன். கலியாணவீட்டு வீடியோவில் தொடங்கிய தொழில். 2011இல் பிளெக்ஸ் அடிக்கும் மெஷின் ஒன்று போட்டேன், 2016இல் முகநூலிலும் யூடியூப்பிலும் உள்ளூர்ச் செய்தி போடத் தொடங்கினேன். ஐந்து பேர் வேலை செய்தார்கள். ஏன் இறந்த காலத்தில் சொல்கிறேன் என்பது கீழே வரும். 2024 பாராளுமன்றத் தேர்தலில் வன்னி மாவட்டத்தில் ஒரு சுயேச்சைக் குழுவின் தலைவராக நின்றேன். செலவு 21 லட்சத்து 40 ஆயிரம். கிடைத்த வாக்கு, ஒன்பது பேர் கொண்ட குழு முழுவதற்கும் சேர்த்து, 738. பிரித்துப் பார்த்தால் ஒரு வாக்குக்கு 2,900 ரூபா. எந்தக் குழு, என்ன சின்னம் என்று சொன்னால் ஆளைப் பிடித்துவிடுவீர்கள், அதை மட்டும் விடுகிறேன். மற்றதெல்லாம் சொல்கிறேன். அந்த இரண்டு மாதமும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகப் போய் ஒருவரிடமும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

ஆசை ஒரே நாளில் வந்ததல்ல. 2024 மார்ச்சில் சிவராத்திரி இரவு வவுனியா வடக்கு வெடுக்குநாறிமலைச் சிவன் கோவிலில் பூசைக்குப் போனவர்களில் எட்டுப் பேரைப் பொலிசார் கைது செய்தார்கள். அந்தச் செய்தியை நாங்கள் விடாமல் போட்டோம். பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள், செப்டெம்பரில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஓமந்தையில் ஒரு கடைக்காரர் என்னிடம் பிளேன்டீக்குக் காசு வாங்க மறுத்து, "தம்பி, உங்களைப் போல ஆக்கள்தான் பாராளுமன்றத்துக்குப் போகவேணும்" என்றார். இப்படி நாலு பேர் சொன்னால் போதும், மனிசனுக்குப் பித்துப் பிடிக்க. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வன்னியில் வாக்காளர்கள் மூன்று லட்சத்துச் சொச்சம். என்னைப் பின்தொடர்பவர்கள் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். பத்தில் ஒருவர் போட்டாலும் பதினாலாயிரம். இந்தக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன், இப்போதும் இருக்கிறது, பார்த்தால் வெட்கமாக இருக்கும்.

ஊடகத்திலிருந்து அரசியலுக்குப் போனவர்களின் உதாரணமும் கண் முன்னால் இருந்தது. உதயன் பத்திரிகை உரிமையாளர் சரவணபவன் 2010இல் யாழ்ப்பாணத்திலிருந்து பாராளுமன்றம் போனவர். தெற்கில் தெரண தொலைக்காட்சியின் திலித் ஜயவீர செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலிலேயே நின்றார். முதலாவது உதாரணத்தில் நான் பார்க்கத் தவறியது, 1985இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை அவர் வேட்பாளராகும்போது கால் நூற்றாண்டு ஓடியிருந்தது, 2006இல் அதன் அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள், அவ்வளவுக்குப் பிறகும் அவர் ஒரு பெரிய கூட்டமைப்பின் பட்டியலில்தான் நின்றார். இரண்டாவது உதாரணம் இன்னும் தெளிவாகவே எச்சரித்தது. நாடு முழுக்கத் தெரியும் தொலைக்காட்சி, விளம்பரத் துறையில் பல வருட அனுபவம், எல்லாம் இருந்தும் அவருக்கு விழுந்தது 122,396 வாக்கு, ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிறகு நவம்பரில் அவர் தேசியப்பட்டியல் ஆசனம் ஒன்றால் உள்ளே போனார். நாடு பூராகவும் கிடைக்கும் வாக்கைக் கூட்டித்தான் அந்த 29 ஆசனங்களையும் பங்கிடுகிறார்கள். ஒரே மாவட்டத்தில் நிற்கும் சுயேச்சைக் குழுவுக்கு அந்த வாசல் எட்டாத உயரம். இதையெல்லாம் செய்தியாக நானே போட்டேன், எனக்கென்று வாசிக்கவில்லை.

செப்டெம்பர் 24 பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. வேட்புமனு ஒக்டோபர் 4 முதல் 11 நண்பகல் வரை. ஒரு கட்சிக்காரர் வந்து பேசினார், பட்டியலில் எனக்கு இடம் என்றார், அலுவலகம் போட, ஆரம்பச் செலவுக்கு என்று மூன்று லட்சம் கேட்டார். கொடுத்தேன். துண்டு ஒன்றும் வாங்கவில்லை, கேட்டால் நம்பிக்கையீனம் என்று நினைப்பாரோ என்ற கூச்சம். ஒக்டோபர் 8 பின்னேரம் ஒரு அழைப்பு: "அண்ணை, மேலிடத்தில வேற மாதிரி முடிவெடுத்திட்டினம். நீங்கள் எங்களோட வேலை செய்யுங்கோ, அடுத்த முறை பாப்பம்." மூன்று லட்சத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் அந்த நேரத்தில் பேசவில்லை. பிறகு பேச எடுத்தபோது போன் போகவில்லை. கட்சியோ ஆளோ யாராக இருந்தாலும், காசு கொடுக்கும்போது எதற்கு என்று எழுதி வாங்குங்கள், பட்டியலில் பெயர் கையெழுத்தாகும் வரைக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை மூன்று லட்சம்.

அன்றிரவே விட்டிருக்க வேண்டும். ரோசம் விடவில்லை. சுயேச்சையாக நிற்பேன் என்று கிளம்பினேன். வன்னிக்கு ஆறு ஆசனம், அதோடு மூன்றைக் கூட்டி ஒரு குழுவுக்கு ஒன்பது வேட்பாளர் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மனு இல்லை. கட்டுப்பணம் ஆளுக்கு 2,000 ரூபா, மொத்தம் 18,000. செலவில் மலிவான பகுதி இதுதான், அதுதான் பொறியும். நுழைவுச் சீட்டு இவ்வளவு மலிவாக இருப்பதால் உள்ளே இருக்கும் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒக்டோபர் 10 நண்பகலுக்கு முன் கட்டுப்பணம் கட்டவேண்டும், கையில் ஒன்றரை நாள். ஒன்பது பேரைத் தேடி மோட்டார் சைக்கிளில் செட்டிகுளத்திலிருந்து புளியங்குளம் வரை ஓடினேன். கனடாவிலிருந்து வந்து நின்ற நண்பன் ஒருவன், "மச்சான், நான் நிக்கிறன், செலவும் போடுறன்" என்றான். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் நிற்க முடியாது, 2022இல் வந்த 21ஆவது திருத்தம் அது. அவனோடு அவன் போடவிருந்த செலவும் போனது. ஒரு ஆசிரியர் சம்மதித்து, இரவு மனைவியோடு பேசிவிட்டு விடிய மறுத்தார். கடைசியில் என் மைத்துனர், பிளெக்ஸ் மெஷின் ஓட்டும் பெடியன், இரண்டு முச்சக்கரவண்டிச் சாரதிகள், ஒரு தையல்காரி அக்கா என்று எப்படியோ ஒன்பதாக்கினோம். எல்லாரும் நல்ல மனிதர்கள். ஆனால் ஒன்பது பேரில் ஏழு பேர் வவுனியா நகரத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள். மன்னாரில் ஒருவரும் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், வெளியூர்க்காரருக்கு மட்டுமல்ல, எனக்கே அப்போது முழுதாக விளங்கவில்லை. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்று நிர்வாக மாவட்டம். கிளிநொச்சி இதில் இல்லை, அது யாழ்ப்பாணத்தோடு. தலைமன்னாரிலும் ஓட்டு, புதுக்குடியிருப்பிலும் ஓட்டு, முசலியிலும் ஓட்டு. மன்னாரில் பதிவுள்ள முஸ்லிம் மக்களில் ஒரு பகுதியினர் 1990இல் வெளியேற்றப்பட்டதிலிருந்து புத்தளத்தில் இருக்கிறார்கள். வவுனியா தெற்கிலும் வெலிஓயாவிலும் சிங்கள மக்கள். நான் அடித்த எண்பதாயிரம் துண்டுப்பிரசுரமும் தமிழில் மட்டும். என் சொந்த அச்சகத்தில், என் சொந்தக் கையால் திருத்தி, ஒரு சிங்கள எழுத்துக்கூட இல்லாமல். அச்சுக்கூலி மிச்சம் என்று பெருமைப்பட்டேன், கடதாசிக்கும் மைக்கும் மட்டும் 3 லட்சத்து 60 ஆயிரம் போனது.

மனுத் தாக்கல் செய்த கிழமை, எங்கள் செய்தியாளர் பிள்ளை ஒருத்தி கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். பக்கத்தைப் பார்ப்பவர்கள் எந்த ஊர் என்ற பட்டியல். மேலே கொழும்பு, பிறகு ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், டோஹா, சென்னை. வவுனியா ஏழாவது. முல்லைத்தீவும் மன்னாரும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. "அண்ணா, இதில வோட்டு எங்க இருக்கு?" என்று கேட்டாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் அம்மா அப்பாவுக்குச் சொல்வார்கள் என்றேன். சொன்னார்கள், பொய்யில்லை. ரொறன்ரோவிலிருந்து ஒருவர் என் கண் முன்னால் வீடியோ கோலில் தன் தாயிடம் பேசினார், முள்ளியவளையில். அந்த அம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு, போனை வைத்த பிறகு என்னிடம், "தம்பி, கோவியாதேங்கோ, எங்கட வீட்டில எப்பவும் ஒரு சின்னம்தான்" என்றார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாருக்காவது அப்படி ஒரு ஆசை வந்தால், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம், அந்த ஊர்ப் பட்டியலைத் திறந்து உங்கள் மாவட்டத்துக்குள் எத்தனை பேர் என்று மட்டும் பாருங்கள். அதிலும் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கழியுங்கள். வெறுமனே சிரித்த முகம் போட்டுவிட்டுப் போகிறவர்களையும் கழியுங்கள்.

அந்தப் பிள்ளை அடுத்த கிழமை வேலையை விட்டாள். என் கூட்டத்தைச் செய்தியாக்கச் சொன்னேன். "அண்ணா, நான் செய்தி எழுத வந்தனான், நோட்டீஸ் எழுத இல்லை" என்றாள். கத்தினேன். பெயரைப் போடாமல் எழுது என்றேன். அவள் தன் தொலைபேசிச் சார்ஜரையும் தண்ணிப் போத்தலையும் பையில் வைத்தாள், போய்விட்டாள். இரண்டு நாள் கோபம். இன்று யோசித்தால், பக்கத்தை மூன்று மாதத்துக்கு வேறு ஒருவரிடம் முழுதாக ஒப்படைத்துவிட்டு, அதன் கடவுச்சொல் எனக்கே தெரியாமல் செய்திருக்க வேண்டும். நான் எதிர்த் திசையில் போனேன். மற்ற வேட்பாளர்களின் செய்தி வந்தால் தாமதித்துப் போட்டேன். இதை எழுதும்போது கூட கை தயங்குகிறது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன், கருத்துப் பெட்டியில் முதல் நாளே எழுதிவிட்டார்கள்.

பிரசாரம் முழுக்க மழை. ஒக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம், பெரும்போக விதைப்பு நேரம், ஆக்கள் வயலுக்குள் நிற்கிறார்கள், வீட்டுக்குப் போனால் கிழவரும் நாயும். நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்டால் யானைக்குப் பயந்து ஒருவரும் படலையைத் திறக்க மாட்டார்கள். வான் ஒரு நாளைக்கு 14,000, இருபத்து நான்கு நாள், எரிபொருள் தனி. முல்லைத்தீவுக்கு ஒருக்காப் போய்வந்தால் இருநூறு கிலோமீட்டரளவு ஓட்டம், அதில் சந்திக்கிறது முப்பது வீடு. பெடியளுக்குச் சாப்பாடு, ஒலிபெருக்கி, இணையத்தில் காசு கட்டிப் போட்ட விளம்பரம் 2 லட்சத்து 20 ஆயிரம். அந்த இணைய விளம்பரத்தை "இலங்கை" என்று தெரிவு செய்து விட்டிருந்தேன், மூன்று நாள் காலிக்கும் கண்டிக்கும் ஓடியிருக்கிறது. சேமிப்பு முதல் கிழமையே முடிந்தது. இரண்டாம் கிழமை மனைவி ஒன்றும் பேசாமல் அலுமாரியைத் திறந்து தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் எடுத்து ஒரு சம்பல் போத்தலுக்குள் போட்டுத் தந்தாள். ஏன் போத்தல் என்று கேட்டேன். "பையில கொண்டுபோனா ஊருக்குத் தெரியும்" என்றாள். அடகுக் கடையில் அந்தப் போத்தலைக் கவிழ்த்தபோது மிளகாய் வாசம் வந்தது.

முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 மார்ச்சிலிருந்து போராடுகிறார்கள். பல வருடமாக அவர்களைப் படமெடுத்தவன் நான், பலரைப் பெயர் சொல்லித் தெரியும். இந்த முறை துண்டுப்பிரசுரத்தோடு போனேன். ஒரு அம்மா அதை வாங்கி, கண்ணாடி போட்டு, என் படத்தைப் பார்த்தார். மடித்துத் திருப்பித் தந்தார். "தம்பி, இதோட வாறதுக்கு நிறையப் பேர் இருக்கினம். நீ கமராவோடதான் வாறனி." அவ்வளவுதான் சொன்னார். கோபமே இல்லாத குரல். திரும்பி வரும்போது வானில் எல்லாரும் ஏதோ பேசினார்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 14 வாக்களிப்பு. முந்நூறுக்கு மேற்பட்ட நிலையங்கள், என்னால் முகவர் போட முடிந்தது நாற்பத்தொரு இடத்தில். வாக்குச்சீட்டு என்ன நீளம் தெரியுமா? ஆறு ஆசனத்துக்கு நானூறுக்கு மேற்பட்ட வேட்பாளர்கள். அதில் எங்கள் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் புள்ளடி போட்டு, பிறகு குழுவுக்குள் எந்த வேட்பாளர் என்று காட்டும் விருப்பிலக்கமும் தேடவேண்டும். என் மாமியாரே பிழையாகப் போட்டிருப்பார் என்று எனக்குச் சந்தேகம், கேட்கவில்லை. இரவு எண்ணும்போது ஒவ்வொரு தொகுதி முடிவிலும் எங்கள் பெயருக்கு நேரே இரண்டு இலக்கம், மூன்று இலக்கம். செல்லுபடியாகாத வாக்குகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. தெரியாமல் பிழை விட்டவர்களின் தொகை என்னைத் தெரிந்து போட்டவர்களை விடப் பல மடங்கு. மாவட்டத்தில் ஐந்து சதவீதம் எடுக்காத குழு ஆசனப் பங்கீட்டுக்கே எடுபடாது. ஆறு ஆசனத்தில் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, மற்ற நான்கும் நான்கு கட்சிகளுக்கு. கட்டுப்பணமும் போனது.

அப்போது பலர் சொன்னார்கள், யாழ்ப்பாணத்தைப் பார், ஒரு வைத்தியர் முகநூல் நேரலையால் பெயர் எடுத்து ஊசிச் சின்னத்தில் சுயேச்சைக் குழு 17இல் நின்று வென்றுவிட்டாரே என்று. உண்மைதான், அர்ச்சுனா வென்றார். நானும் அதை வைத்து நிறைய யோசித்தேன். அங்கே சனம் பார்த்தது ஒரு ஆளை, அவருடைய சண்டையை. எங்கள் பக்கத்தில் சனம் பார்த்தது வெடுக்குநாறியை, காணிப் பிரச்சினையை, யானை உடைத்த வேலியை. நான் கமராவுக்குப் பின்னால் நின்றவன். என் குரல் தெரியும், முகம் தெரியாது. தண்ணீரூற்றுச் சந்தையில் ஒருவர் என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இது உங்கட தம்பியோ?" என்று கேட்டார்.

தோற்ற பிறகுதான் கடதாசி வேலை தொடங்கியது. 2023இல் வந்த தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி முடிவு வந்து 21 நாளுக்குள், அதாவது டிசெம்பர் 6க்குள், ஒவ்வொரு வேட்பாளரும் வரவு செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். வென்றவர் தோற்றவர் என்று பேதமில்லை, ஒரு சதமும் செலவழிக்காதவரும் கொடுக்க வேண்டும். என்னிடம் பற்றுச்சீட்டுகள் ஒரு ஷொப்பிங் பைக்குள், பாதி மழையில் ஊறி எழுத்துப் போனது. வான்காரர் பற்றுச்சீட்டே தரவில்லை. என் பக்கத்தில் நானே போட்ட விளம்பரத்துக்கும் ஒரு பெறுமதி காட்டச் சொல்லி சட்டத்தரணி சொன்னார். குழுவில் இரண்டு பேர் வேலைக்கென்று கொழும்புக்குப் போய்விட்டார்கள், அவர்களைத் தேடி பஸ் ஏறி, ஒருவரை ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் பிடித்துக் கையெழுத்து வாங்கினேன். உங்களை நம்பிப் பெயர் தந்தவர்கள் இந்தச் சட்டத்தில் மாட்டினால் அந்தப் பழி உங்களுடையது. முதல் நாளிலிருந்து ஒரு கொப்பி, ஒரு வங்கிக் கணக்கு, கணக்கு எழுத ஒரு ஆள் வையுங்கள். மனுவோடு சொத்து விபரமும் கொடுக்க வேண்டும், அதையும் கடைசி இரவில் நிரப்பாதீர்கள். அரச கந்தோர்களுக்கு அச்சு வேலை செய்து கொடுப்பவர்கள், அந்த ஒப்பந்தம் தகுதிக்கு இடைஞ்சலா என்று முதலே ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். நான் தேர்தல் முடிந்த பிறகு கேட்டேன், அவர் சிரித்தார்.

பெரிய நட்டம் 21 லட்சம் இல்லை. மாதம் 2 லட்சத்து 80 ஆயிரம் வந்துகொண்டிருந்த விளம்பரம் ஜனவரியில் 90 ஆயிரமாக விழுந்தது. கடை முதலாளிகள் கெட்டவர்கள் இல்லை. "உங்களிட்டைத் தந்தா மற்றக் கட்சிக்காரர் என்ன நினைப்பினம்" என்று நேரே சொன்ன ஒருவரை நான் மதிக்கிறேன், மற்றவர்கள் போன் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் வேலையை விட்டார்கள், சம்பளம் பிந்தியதால். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஆள் தேடி வந்தவர்கள் என்னையும் கேட்டார்கள். வட்டாரத்துக்கு நின்றால் சுற்றுவட்டம் சின்னது, முகம் தெரியும், வெல்லலாம் என்றார்கள். அந்தக் கணக்குச் சரியாகவும் இருந்திருக்கலாம். மனைவி குசினிக்குள்ளிருந்து வெளியே வந்து வாசலில் நின்றாள், வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நகையில் பாதி மீண்டுவிட்டது. மிஞ்சிய துண்டுப்பிரசுரம் பதினோராயிரம், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தது. மகள் பின்பக்கத்தில் கணக்குச் செய்கிறாள்.

போன செய்தியாளர் பிள்ளை ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள், நிபந்தனையோடு. எந்தச் செய்தி போவது என்பதை அவள் முடிவு செய்வாள், நான் கேட்கக் கூடாது. சரி என்றேன். முதல் வேலையாக முல்லைத்தீவுக்குப் போனோம், அவள் மைக் பிடிக்க, நான் முக்காலியும் கமராவும் தூக்கிக்கொண்டு பின்னால். துண்டுப்பிரசுரத்தைத் திருப்பித் தந்த அதே அம்மா அன்றும் இருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டார்: "பிள்ளை, இவர் இப்ப என்னவா வந்திருக்கிறார்?"

"கமராக்காரர், அம்மா" என்றாள்.

அம்மா சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கதிரையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் போட்டார்.